நண்பர்களைத் தாருங்கள் எனக் கேட்ட ஆயர்: வேதநாயகம் சாமுவேல் அசரியா

கல்முனையிலிருந்து பொத்துவில் நோக்கிச் செல்லும் கரையோர வீதியில் பயணம் செய்வோர் ஓர் உண்மையைக் கண்கூடாகக் காண்பர். சாய்ந்தமருதைக் கடந்தால் காரைதீவு வருகின்றது. காரைதீவைக் கடந்தால் நிந்தவூர். அப்பால் ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீண்டு, பின்னர் தம்பிலுவிலும் திருக்கோவிலும் எதிர்ப்படுகின்றன. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்த நிலம் இது. இரு சாராரும் பேசும் மொழி ஒன்று. தாய்வழியாக வரும் குடி முறைமை இரு சாராருக்கும் உரியது. ஒருவர் விளைவித்த நெல்லை மற்றவர் வாங்குகின்றார். ஒருவர் நெய்த துணியை மற்றவர் உடுத்துகின்றார்.

ஆயினும் கொடுக்கல் வாங்கல் வேறு, நட்பு வேறு. 1985 ஆம் ஆண்டின் மோதல்களும் 1990 ஆம் ஆண்டின் படுகொலைகளும் இந்த வேறுபாட்டை எமக்கு மிகுந்த விலை பெற்றுக் கற்பித்தன. சந்தையில் நாள்தோறும் சந்தித்துக்கொண்டவர்கள் ஒருவரது வீட்டினுள் மற்றவர் எத்தனை முறை அமர்ந்து உணவருந்தியிருந்தனர் என்ற வினாவை நாம் அக்காலத்தில் எழுப்பியிருக்கவில்லை. இவ்வினாவை 1910 ஆம் ஆண்டிலேயே, உலகின் பல நாடுகளிலிருந்தும் திரண்டிருந்த ஒரு பேரவையின் முன், முப்பத்தைந்து வயதுத் தமிழர் ஒருவர் எழுப்பினார். அவரே பின்னாளில் அங்கிலிக்கன் திருச்சபையின் முதலாவது இந்திய ஆயராக உயர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா ஆவார். இந்துக்களும் முஸ்லிம்களும் பெருந்தொகையாக வாழும் இப்பிரதேசத்து வாசகர்களுக்கு ஓர் அங்கிலிக்கன் ஆயரின் வாழ்க்கை எதற்கு எனச் சிலர் கேட்கக்கூடும். அன்னாரின் வாழ்வே அதற்கு விடை கூறும் என நாம் நம்புகின்றோம்.

அசரியா 1874 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17 ஆம் திகதி, இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தோமஸ் வேதநாயகம் 1839 ஆம் ஆண்டில் கிறிஸ்தவத்தைத் தழுவியவர். கிராமத் தேவாலயக் குருவாகப் பணியாற்றியவர். குடும்பம் நாடார் சமூகத்தைச் சேர்ந்தது. அச்சமூகத்தவருக்குக் கோயிற் கதவுகள் அடைக்கப்பட்டிருந்த காலம் அது. அசரியாவின் பதினைந்தாவது வயதளவில் தந்தையார் காலமாகிவிட, தாயார் எலனின் கண்டிப்பான அரவணைப்பிலும் விடுதிப் பாடசாலைகளின் ஒழுங்கிலும் அவர் வளர்ந்தார். மாணவப் பருவத்திலேயே, கிறிஸ்தவ மாணவரிடையே நிலவிய சாதி வேற்றுமைகளை எதிர்க்கச் சங்கம் அமைத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்ற அவர், இறுதிப் பரீட்சைக்குத் தோற்றவில்லை. பட்டம் பெறாமலேயே கல்லூரியை விட்டு வெளியேறினார். பிற்காலத்தில், 1920 ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1895 முதல் வை.எம்.சி.ஏ. இயக்கத்தின் செயலாளராகத் தென்னிந்தியா எங்கும் பயணம் செய்தார். அமெரிக்கரான ஷேர்வூட் எடியுடன் அக்காலத்தில் ஏற்பட்ட தொடர்பு வாழ்நாள் நட்பாக வளர்ந்தது. வெள்ளையரும் இந்தியரும் சமநிலையில் நின்று நண்பராக முடியும் என்பதை அவர் ஏட்டிற் படித்து அறியவில்லை, பழகியே அறிந்தார். 1898 ஆம் ஆண்டில் அம்பு மரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களுள் கல்லூரிக் கல்வி பெற்ற முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் அம்மையார். இத்திருமணத்தில் சீதனம் வாங்கப்படவில்லை. நூறாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரும் பெண்ணைப் பெற்றோர் வீடும் வளவும் கொடுக்கக் கடன்படும் எமது கரையோரத்தில் இச்செய்தி படித்துவிட்டுக் கடந்து செல்லத்தக்கதன்று.

இலங்கைத் தமிழர் பெருமையுடன் நினைவுகூரத்தக்க நிகழ்வொன்று 1902 ஆம் ஆண்டில் இடம்பெற்றது. அவ்வாண்டில் அசரியா யாழ்ப்பாணம் வந்தார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தமது சொந்தப் பணத்தைத் திரட்டி, கடல் கடந்து தென்னிந்தியாவுக்கே பணியாளரை அனுப்பியிருந்ததைக் கண்டு அவர் வியந்தார்; வெட்கமும் அடைந்தார். வெளிநாட்டார் அனுப்பும் பணத்தில் தங்கியிருக்கும் சமூகம் ஒருபோதும் வளர்ந்த சமூகமாக மாட்டாது என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது இப்பயணத்தின் பின்னரேயாகும். 1903 ஆம் ஆண்டு பெப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கத்தையும், 1905 ஆம் ஆண்டு டிசெம்பரில் கே.ரி. போல் முதலியோருடன் இணைந்து தேசிய மிஷனரிச் சங்கத்தையும் நிறுவினார். இந்தியரின் பணம், இந்தியரின் உழைப்பு, இந்தியரின் நிர்வாகம் என்பதே இவற்றின் அடிப்படையாகும். அவர் பெற்ற தூண்டுதலின் ஒரு பொறி எமது தீவிலிருந்து சென்றது என்பது வரலாற்று உண்மை.

சங்கத்தை நிறுவியவர் நாற்காலியில் அமர்ந்து கட்டளையிடும் வழக்கத்துக்கு மாறாக, 1909 ஆம் ஆண்டில் அசரியா தாமே பணியாளராகப் புறப்பட்டார். சென்ற இடம், ஹைதராபாத் நிஸாமின் ஆட்சிப் பரப்பில் அமைந்த தோர்ணக்கல் ஆகும். தமிழ் நாட்டவரான அவருக்கு அங்கு வழங்கிய தெலுங்கு அந்நிய மொழி. அதனை முயன்று கற்று, அம்மொழியிலேயே மக்களிடம் பேசினார். அவர் யாருக்காகச் சென்றாரோ அவர்கள் மாலர், மாதிகர் என்னும் தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்டிருந்தோர், கூலிகள், தோல் பதனிடுவோர், ஊரின் பொதுக் கிணற்றில் நீர் அள்ளும் உரிமையற்றோர்.

மறு ஆண்டு, 1910 ஜூன் மாதத்தில், ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. சுமார் 1,200 பேராளர்கள் குழுமியிருந்த அவையில் ஆசிய நாட்டவர் ஏறத்தாழ இருபது பேரே. அவர்களுள் ஒருவராக அசரியா எழுந்து உரையாற்றினார். வெள்ளைக்கார மிஷனரிமாருக்கும் இந்தியப் பணியாளருக்கும் இடையிலான உறவு, முதலாளிக்கும் சம்பளக்காரனுக்கும் இடையிலான உறவாகவே இருக்கின்றது என அவர் அந்த அவையிலேயே துணிந்து கூறினார். ஒரே தேவாலயத்தில் பல்லாண்டு காலம் பணிபுரிந்தும் இந்திய சகாவின் வீட்டு வாசலை மிதியாதவர்கள் உண்டு என்பதை எடுத்துக்காட்டினார். மிஷனரிமார் செய்த தியாகங்களை அவர் மறுக்கவில்லை. வருங்காலத் தலைமுறைகள் அவற்றுக்கு நன்றி பாராட்டும் என்றே ஏற்றுக்கொண்டார். ஆனால் தமது மக்கள் நாடி நிற்பது நட்பையே என்றும், தங்களுக்கு நண்பர்களைத் தருமாறும் கேட்டு உரையை முடித்தார்.

அவை அதிர்ந்தது. மனம் புண்பட்டோர் பலர், சினந்தோரும் உண்டு. எனினும் அம்மாநாட்டில் நிகழ்த்தப்பட்ட உரைகள் பலவும் மறக்கப்பட்டுவிட, இச்சிற்றுரை மட்டும் நூறாண்டுகளுக்கு மேலாக நினைவில் நிற்கின்றது. அதற்குக் காரணம் உண்டு. கொடுப்பவன் எப்போதும் உயரத்தில் நிற்கின்றான். பெறுபவன் எப்போதும் தாழ நிற்கின்றான். நட்பு ஒன்றே இருவரையும் ஒரே பாயில் அமர்த்துவது. தருமம் செய்யப் பழகியவர்களுக்கு நட்பு எவ்வளவு கடினமானது என்பதை அசரியா தம் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

1912 ஆம் ஆண்டு டிசெம்பர் 29 ஆம் திகதி, கல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்தில் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அத்தியட்சர் என நம் முன்னோர் வழங்கிய அப்பதவியில், அங்கிலிக்கன் சபையில் ஓர் இந்தியர் அமர்வது அதுவே முதற்றடவை. இலகுவாகக் கிடைத்த பதவியன்று அது. இந்தியர் ஒருவரின் கீழ் வெள்ளையர் பணிபுரிவதா என ஐரோப்பியர் சிலர் எதிர்த்தனர். அவரது சமூகப் பின்னணியைக் காரணங்காட்டித் திருநெல்வேலிக் கிறிஸ்தவர் சிலரும் எதிர்த்தனர். ஆபிரிக்காவில் 1864 ஆம் ஆண்டில் ஆயரான சாமுவேல் குரோதர், தம் இறுதிக் காலத்தில் இளம் ஐரோப்பிய மிஷனரிமாரால் அவமதிக்கப்பட்டதும், 1891 இல் அவர் மறைந்த பின் அவ்விடத்துக்கு ஐரோப்பியர் ஒருவரே நியமிக்கப்பட்டதும் அனைவரும் அறிந்த கதையாக இருந்தது. சென்னை ஆயர் ஹென்றி வைற்ஹெட்டின் உறுதியான ஆதரவே அசரியாவுக்குத் துணை நின்றது. தொடக்கத்தில் ஐரோப்பியப் பணியாளர் இல்லாத சிறு நிலப்பரப்பே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் ஆந்திரக் கரையோர மாவட்டங்களும் சேர்க்கப்பட்டு மறைமாவட்டம் விரிந்தபோது, ஐரோப்பியரும் அவரது அதிகாரத்தின் கீழ் வந்தனர். எதிர்த்தோர் அஞ்சிய குழப்பம் எதுவும் நிகழவில்லை.

ஆயர் என்றதும் மாளிகையும் மோட்டார் வண்டியும் நினைவுக்கு வருதல் இயல்பு. அசரியாவோ மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் கிராமம் கிராமமாகச் சென்றவர். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் மக்களின் நான்கு பகைவர்கள் எனக் கண்டு, அவற்றுக்கெதிராக ஓயாது போதித்தார். கிராமங்கள்தோறும் பாடசாலை அமைத்தார். ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளையே ஆசிரியர்களாகவும் குருமாராகவும் பயிற்றுவித்தார். வழிபாட்டில் நாட்டு இசைக்கும் பஜனைக்கும் இடமளித்தார். 1935 ஆம் ஆண்டளவில் அவரது மறைமாவட்டத்தில் இந்தியக் குருமார் 250 பேரும் கிராமிய ஆசிரியர்கள் 2,000 பேருக்கு மேலும் பணியாற்றினர். 1912 இல் 56,681 ஆக இருந்த கிறிஸ்தவர் தொகை 1941 இல் 225,080 ஆக உயர்ந்தது. ஒதுக்கப்பட்டோரின் ஒழுக்கத்திலும் வாழ்க்கையிலும் ஏற்பட்ட மாற்றத்தைக் கண்டு, அவர்களைத் தீண்ட மறுத்த சாதியினரிலும் ஒரு பகுதியினர் பின்னாளில் அச்சபையை நாடி வந்தனர்.

இவ்விடத்தில் எமது வாசகர் பலரின் மனத்தில் எழக்கூடிய ஆட்சேபத்தை நாம் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. மதமாற்றம் என்ற சொல் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் உவப்பானதன்று. காந்தியடிகளும் இவ்விடயத்தில் அசரியாவுடன் முரண்பட்டார். 1930 களில் கூட்டம் கூட்டமாக நிகழ்ந்த மதமாற்றங்களைக் காந்தியடிகள் கடுமையாக விமர்சித்தார். அறியாமையில் உள்ள ஏழைகளைப் பிறர் இழுத்துச் செல்கின்றனர் என்பது அவரது கவலை. தான் எந்த வழியில் இறைவனைத் தேடுவது என்று முடிவு செய்யும் உரிமை படித்தவனுக்கு மட்டுமன்றித் தோல் பதனிடும் ஏழைக்கும் உண்டு என்பது அசரியாவின் நிலைப்பாடு. இவ்விருவருள் யார் சரி என்று தீர்ப்புக் கூறுவது எமது நோக்கமன்று. தன் சமூகத்தை விட்டு மக்கள் வெளியேறுகின்றார்கள் எனக் குமுறும் எவரும், அவர்களுக்குத் தன் வீட்டில் இருக்கை கொடுத்திருந்தோமா என முதலிற் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே இதில் நாம் பெறத்தக்க பாடமாகும்.

சிறுபான்மை மக்களாகிய எமக்கு மேலும் முக்கியமானது அவர் எடுத்த அரசியல் நிலைப்பாடாகும். இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தேர்தற் தொகுதிகள் வழங்கப்படுவதை, 1932 ஆம் ஆண்டின் வகுப்புவாரித் தீர்ப்புக் காலத்தில் அசரியா வன்மையாக எதிர்த்தார். தம் சமூகத்துக்குக் கிடைக்கும் ஆசனங்களைத் தாமே வேண்டாமென்று சொன்ன தலைவர்கள் வரலாற்றில் மிகச் சிலரே. தனித்தொகுதி ஏற்பட்டால் கிறிஸ்தவர்கள் ஓர் அரசியற் கூட்டமாகச் சுருங்கிவிடுவர் என்றும், சபையில் சேரும் ஒவ்வொருவரும் வாக்குக் கணக்கிற் சேர்க்கப்படுபவராகவே பிறர் கண்ணுக்குத் தோன்றுவர் என்றும், அயலவரின் சந்தேகத்துக்கு அது வித்திடும் என்றும் அவர் அஞ்சினார்.

இலங்கையில் 1931 ஆம் ஆண்டு டொனமூர் யாப்பின் மூலம் இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிக்கப்பட்டபோது தமிழ், முஸ்லிம் தலைவர்கள் அதனை எதிர்த்தனர். அதன் பின்னரான எமது அனுபவத்தை நோக்குமிடத்து அவர்களின் அச்சம் ஆதாரமற்றது என எவரும் கூறமுடியாது. ஆகவே, அசரியாவின் முடிவை அப்படியே எடுத்து எமது மண்ணில் நட்டுவிடலாம் என நாம் வாதிடவில்லை. இந்தியக் கிறிஸ்தவரின் நிலை வேறு. எமது நிலை வேறு. ஆனால் அவரது எச்சரிக்கை இன்றும் பொருந்துகின்றது. பிரதேச செயலகப் பிரிவு, எல்லை நிர்ணயம், வேட்பாளர் பட்டியல் ஆகியவற்றைப் பற்றி மட்டுமே இரு சமூகங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நிலை வந்தால், அயலவன் ஓர் எண்ணாக மாறிவிடுகின்றான். எண்ணுடன் எவரும் நட்புக் கொள்வதில்லை.

அசரியா கட்டியெழுப்பிய தோர்ணக்கல் பேராலயத்தைப் பற்றிக் கூறாமல் இக்கட்டுரை நிறைவுறாது. 1914 இல் தொடங்கிய கட்டடப் பணி, பணத் தட்டுப்பாட்டால் இழுபட்டு, 1939 ஜனவரி 6 ஆம் திகதியே பேராலயம் அர்ப்பணிக்கப்பட்டது. கால் நூற்றாண்டு காலம் பொறுத்திருந்தவர், இங்கிலாந்தின் கூர்நுனிக் கோபுரத்தை அங்கு நாட்டவில்லை. முஸ்லிம் கட்டடக் கலைக்குரிய குவிமாடங்களும் மினாராக்களும், தென்னிந்தியக் கோயில் மண்டபத்தை நினைவூட்டும் செதுக்குத் தூண்களும் ஒருங்கே அமைந்த கட்டடம் அது. முஸ்லிம் மன்னரின் ஆட்சியில், இந்துக்கள் சூழ வாழ்ந்த ஊரில், கிறிஸ்தவர் தொழும் இடம் மூன்று மரபுகளையும் உடுத்து நின்றது. தம் சமயத்தில் எள்ளளவும் விட்டுக்கொடாதவர், அயலவரின் அழகை ஏற்கத் தயங்கவில்லை. தன் சமயத்தில் உறுதி கொண்டவன் பிறர் மரபைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

சபைப் பிரிவுகளை ஒன்றிணைப்பதற்கு அவர் செய்த பணி மற்றொரு பெருங்கதை. 1919 மே மாதத்தில் தரங்கம்பாடியில் அவர் முன்னின்று கூட்டிய மாநாட்டில் 33 பேர் கலந்துகொண்டனர், பெரும்பாலோர் இந்தியர். ஐரோப்பாவின் பழைய சண்டைகளின் பெயரால் இந்தியக் கிறிஸ்தவர் பிரிந்து நிற்பது பொருளற்றது என அவர்கள் கண்டனர். 1929 முதல் மரணம் வரை இந்திய, பர்மிய, இலங்கைக் கிறிஸ்தவ மன்றத்தின் தலைவராக இருந்து அவ்வொற்றுமைக்காகவே உழைத்தார். பதவியில் இருக்கும்போதே, 1945 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி, தோர்ணக்கலில் காலமானார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டெம்பர் 27 ஆம் திகதி உதயமானபோது அதனைக் காண அவர் இல்லை. யாழ்ப்பாணமும் அச்சபையில் ஒரு மறைமாவட்டமாக இணைந்து, சபாபதி குலேந்திரன் அதன் முதலாவது ஆயரானார். 1902 இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற பொறி, நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின் விளக்காகித் திரும்பி வந்தது எனலாம்.

குறைகள் இல்லாத மனிதராக அவரைக் காட்டுவது நேர்மையாகாது. அவர் கண்டிப்பான நிர்வாகி. எதிர்க்கருத்தை எளிதிற் பொறுப்பவரல்லர். ஆங்கில ஆட்சியின் மீது அவர் கொண்டிருந்த நம்பிக்கை, சுதந்திரப் போராளிகளின் பார்வையில் பெருங்குறையே. யாவற்றிலும் மேலாக, மாலருக்கும் மாதிகருக்கும் இடையிலான பூசலை அவரால் தம் சபைக்குள்ளேயே ஒழிக்க முடியவில்லை. தாங்கள் புறக்கணிக்கப்படுவதாக மாதிகர் தரப்பினர் அவர் மீதே முறையிட்டனர். எடின்பரோவில் வெள்ளையரிடம் நட்பைக் கேட்டவர், தம் சொந்த ஊர்களில் ஒடுக்கப்பட்ட ஒருவனை ஒடுக்கப்பட்ட மற்றொருவனின் பாயில் அமர்த்துவதற்கு வாழ்நாள் முழுவதும் பாடுபட்டும் முற்றாக வெற்றி பெறவில்லை. ஒடுக்கப்பட்டவன் தனக்குக் கீழே இன்னொருவனைத் தேடுவது மனித இயல்பின் கசப்பான உண்மை. இதனை நாமும் எமது ஊர்களில் அறிவோம்.

2004 ஆம் ஆண்டு டிசெம்பரில் ஆழிப்பேரலை இக்கரையோரத்தைத் தாக்கியபோது, அது தமிழ் ஊர் எது, முஸ்லிம் ஊர் எது எனப் பார்க்கவில்லை. அதன் பின்னர் நிவாரணம் தாராளமாக வந்தது. பல நாடுகள் கொடுத்தன. நாமும் ஒருவருக்கொருவர் கொடுத்தோம். கொடுப்பதில் இம்மண் என்றும் குறை வைத்ததில்லை. தம்பிலுவிலிலிருந்து அக்கரைப்பற்றுக்குச் செல்பவர் பொருள் வாங்கிக்கொண்டு அன்றே திரும்பிவிடுகின்றார். அக்கரைப்பற்றிலிருந்து வருபவரும் வந்த அலுவல் முடிந்ததும் புறப்பட்டுவிடுகின்றார். பெருநாளும் பொங்கலும் வரும் நாட்களில் தட்டில் பலகாரம் அனுப்பப்படுகின்றது. தட்டுடன் நாமும் செல்கின்றோமா, சென்றால் உள்ளே அமர்கின்றோமா என்பதுதான் கேள்வி.

அசரியா தோர்ணக்கலில் துயில் கொண்டு எண்பதாண்டுகள் கடந்துவிட்டன. எடின்பரோவில் அவர் விடுத்த வேண்டுகோளுக்குரிய விடை, ஆயர்களிடமோ அரசாங்கத்திடமோ இல்லை. அடுத்த ஊரின் பாடசாலை ஆசிரியரிடமும், வயற்காரரிடமும், கடைக்காரரிடமும், அவர்களின் பிள்ளைகளிடமும் அது இருக்கின்றது. அவர்களின் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே செல்லும் முதலடியை நாமே எடுத்துவைக்க வேண்டும்.